மார்ச் மாதத்தில் காலியாகும் நாற்காலிகள்

டுசல்டார்ஃப், ஜெர்மனி,
மார்ச் 22, ஞாயிறு இரவு.

கர்த்தருக்குள் மிகவும் அன்பான அப்பாவுக்கு, உங்கள் மகள் எழுதுவது. ஸ்தோத்திரம். நானும் உங்கள் மருமகனும் பேத்தியும் சுகமாயிருக்கிறோம். அம்மாவுடைய முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று தம்பி சொன்னான், கேட்டு ஆறுதலடைந்தேன்.

போன வாரம் போனில் பேசும்போது, "ஜப்பான்காரர் சபையில் இவ்வளவு காலமாக உழைக்கிறாயே, எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்?" என்று கேட்டீர்கள். நாற்பது வருடம் உபதேசியாராக இருந்து, சபைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயரையும் உங்கள் கையாலேயே எழுதியவர் நீங்கள். அப்படிப்பட்டவருக்குப் போனில் அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் வந்த இந்த நான்கு வருடத்தில் மூன்று பேர், அப்பா. அவர்களில் இருவர் ஏற்கெனவே ஜப்பானுக்குத் திரும்பிவிட்டார்கள். மூன்றாமவர் வருகிற செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறார்.

இந்த ஊரில் ஏன் இத்தனை ஜப்பானியர் என்று நீங்கள் முன்பு ஒருமுறை கேட்டிருந்தீர்கள். பக்கத்திலேயே ரூர் பகுதி இருக்கிறது. அதன் உருக்கையும் இயந்திரங்களையும் தேடி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிய வணிக நிறுவனங்கள் இங்கே வந்து அலுவலகம் போட்டன. இன்று நகருக்குள் ஏறக்குறைய 8,000 ஜப்பானியர் வசிக்கிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து புறப்படும் இம்மர்மான் தெருவில் நடந்தால் கடைப்பலகைகள், புத்தகக் கடை, ரொட்டிக் கடை எல்லாம் அவர்கள் மொழியிலேயே இருக்கும். ரைன் ஆற்றுக்கு அக்கரையில், ஓபர்காசலில், 1971-ல் தொடங்கிய ஜப்பானியப் பள்ளி நடக்கிறது. அதை அடுத்த நீடர்காசலில் தோட்டத்தோடு கூடிய ஒரு பௌத்தக் கோயிலும் உண்டு. ஆகவே, இவர்கள் வழிபாடு அறியாத மக்கள் என்ற எண்ணத்தோடு யாரும் இங்கே ஊழியத்துக்கு வரக் கூடாது என்பது என் எண்ணம்.

பெரும்பாலானவர்களைக் கம்பெனிதான் அனுப்புகிறது. மூன்று முதல் ஐந்து வருடம் இருப்பார்கள். மாற்றல் உத்தரவு வந்தவுடன் புறப்பட வேண்டியதுதான். ஜப்பானில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஆண்டு ஏப்ரல் 1-ல் பிறப்பதால், எங்கள் சபைக்கு மார்ச் மாதம் பிரிவின் மாதம். ஜெர்மன் சபையொன்றின் கூடத்தில், அவர்கள் ஆராதனை முடிந்த பிறகு மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் கூடுகிறோம். ஜனவரியில் நாற்பது நாற்காலி போடுவோம். இன்று இருபத்தாறு போதுமாயிருந்தது.

கணவன்மார் அலுவலகத்திலேயே பொழுதைக் கழிக்க, பாஷை தெரியாமல் வீட்டில் தனித்திருப்பவர்கள் மனைவிமார்தான். ஆகவே எங்கள் ஊழியத்தின் பெரும்பகுதி செவ்வாய்க்கிழமை காலை நடக்கும் தாய்மார் கூட்டத்தில் இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டுக் கடிதத்தையோ குழந்தைகள் பள்ளியின் படிவத்தையோ கொண்டுவருவார்கள்; நாங்கள் படித்து விளக்குவோம். சென்னையில் வேலைக்காகப் படித்த ஜப்பான் மொழி இப்படிப் பயன்படும் என்று நான் அன்று நினைக்கவே இல்லை. கடைசியில் கால் மணி நேரம், விரும்புகிறவர்கள் மட்டும் இருந்து வேதம் வாசிக்கலாம். முதல் ஆறு மாதம் எழுந்து போய்விடுபவர்கள், ஏழாவது மாதம் ஒரு நாள் தங்கள் பையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

நீங்கள் சந்தை முனையில் நின்று செய்த தெருப் பிரசங்கத்தை இங்கே செய்ய முடியாது. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஒரு மதக் குழுவினர் விஷவாயுவைப் பரப்பி மனிதரைக் கொன்ற நாள் முதல், மதம் என்ற சொல்லே அந்த மக்களில் பலருக்கு அச்சமூட்டுகிறது. 2022-ல் முன்னாள் பிரதமர் ஆபே சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொன்றவனின் தாய் ஒரு மதக் குழுவுக்குத் தன் சொத்தையெல்லாம் கொடுத்துக் குடும்பமே சீரழிந்த கதை வெளிவந்தது. அதன் பிறகு அந்தப் பயம் இரட்டித்தது. முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டித் துண்டுப்பிரதி நீட்டினால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

பாஷையிலும் தடை உண்டு. பாவத்துக்கு அவர்கள் வேதத்தில் உள்ள சொல் 'ட்சுமி'. நீதிமன்றத்தில் குற்றத்துக்கும் அதே சொல்தான். "நாம் எல்லாரும் பாவிகள்" என்று நான் முதன்முதலில் மொழிபெயர்த்துச் சொன்னபோது, ஒரு பெண் முகம் வெளிறி, "நான் போலீஸ் தேடும்படி எதுவும் செய்ததில்லையே" என்றார். இப்போதெல்லாம் நான் அந்தச் சொல்லில் தொடங்குவதில்லை; தகப்பனை விட்டுத் தூரதேசம் போன மகனில் தொடங்குகிறேன். தூரதேசம் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டோனாவூர் அம்மா ஏமி கார்மைக்கேல் நம் நாட்டுக்கு வருவதற்கு முன், 1893-ல் ஜப்பானுக்குப் போய், மட்சுயே என்ற ஊரில் ஊழியம் செய்தார் அல்லவா? நோயுற்ற ஒரு மூதாட்டியிடம் அவர் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பாட்டியின் கவனம் முழுவதும் அவர் அணிந்திருந்த ரோமக் கையுறைகளின் மேல் போய்விட்டது. அதன் பிறகே அவர் அந்நிய உடையை விட்டுக் கிமோனோ அணிந்தார். நம் ஊரில் அவரைச் சேலையில் கண்ட பாட்டிமார், அந்தப் பாடத்தை அவர் ஜப்பானில் படித்தார் என்பதை அறிந்திருந்தார்களோ என்னவோ. என் கையுறை எது என்று நான் அடிக்கடி என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை புறப்படும் சகோதரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் மூத்த மகன். வீட்டில் முன்னோர் பீடம் அவர் பொறுப்பில் இருக்கிறது. தினமும் காலையில் சோறும் தண்ணீரும் வைத்து ஊதுபத்தி ஏற்ற வேண்டியது மருமகள். ஞானஸ்நானத்துக்கு முன்பே அவர் போதகரிடம், "மாமனாரின் நினைவு நாளில் நான் என்ன செய்வது?" என்று கேட்டார். போதகர் சட்டம் போடவில்லை. "கணவரிடம் முதலில் பேசுங்கள், அந்த அறையை மற்ற எவரையும் விட நன்றாகச் சுத்தம் செய்யுங்கள், வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுங்கள், ஊதுபத்தி ஏற்றும் நேரம் வந்தால் பின்னால் அமர்ந்து அந்தக் குடும்பத்துக்காக ஜெபம் பண்ணுங்கள்" என்றார். சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். திவசத்துக்குப் போகாத மருமகளை ஊர் எப்படிப் பேசும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். இங்கே பாட்டும் விருந்தும் பிள்ளைகள் சத்தமுமாக இருந்த சபையை விட்டு, அங்கே முப்பது முதியவர்கள் கூடும் அமைதியான கூடத்துக்குள் தனியாகப் போய் நிற்க வேண்டும். கணவர் ஞாயிறன்றும் வேலைக்குப் போவார். திரும்பிப் போகிறவர்களில் பலர் முதல் வருடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஞானஸ்நான எண்ணிக்கையைவிட, போய்ச் சேரும் ஊரில் யார் அவரை ரயிலடியில் சந்திப்பார்கள் என்பதே எங்களுக்குப் பெரிய கவலை. இந்தச் சகோதரிக்காகக் கிறிஸ்துமஸுக்கு முன்பே அந்த ஊர்ச் சபைக்கு எழுதினோம். அங்குள்ள ஒரு பெண்மணி மாதமிருமுறை காணொளியில் பேசிப் பழகிவிட்டார்.

இந்த வேலை வீண் போகாது என்று நான் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. கோட்டாற்றில் கோயில் கொண்டிருக்கும் சவேரியார் நம் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த பின், 1547-ல் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். கொலைப் பழியோடு ககோஷிமாவை விட்டு ஓடிவந்தவர் அவர். 1548-ல் கோவாவில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த வருடம் சவேரியாரைத் தன் ஊருக்கே அழைத்துப்போய், தாயையும் மனைவியையும் உறவினரையும் விசுவாசத்துக்குள் கொண்டுவந்தார். முதல் ஜப்பானியக் கிறிஸ்தவராக நாம் அறிந்தவர் அந்நிய நாட்டில்தான் கிறிஸ்துவை அறிந்தார், அப்பா.

இன்று எங்கள் வீட்டில் அவருக்குப் பிரிவு விருந்து. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் எழுந்து வாசலுக்குப் போனார். போய்ப் பார்த்தேன். மண்டியிட்டு, பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புகளையும் காலணிகளையும் ஜோடி ஜோடியாக எடுத்து, போகும்போது மாட்டிக்கொள்ள வசதியாக முனை வெளியே பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். என் மகளுடைய காலணியின் அறுந்த வாரையும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீதியைத் திருப்பினேன். இருவரும் பேசவில்லை.

அவர் பெயரை எழுத அனுமதி கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை காலைக் குடும்ப ஜெபத்தில் 'ஜப்பானுக்குப் போகிற சகோதரி' என்று சொல்லுங்கள், கர்த்தருக்குத் தெரியும். ஊதுபத்தி விஷயத்தில் உங்கள் எண்ணத்தை மறக்காமல் எழுதுங்கள். அடுத்த மாதம் வேறொருவர் அதே கேள்வியோடு காத்திருக்கிறார்.

உங்கள் அன்பு மகள்