சேர்ந்து ஓடுவது தியாகம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பாதை அல்ட்ரா மாரத்தானைச் சேர்ந்தே ஓடி முடித்த ஒரு தம்பதியைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதிகம் எழுதப்படாத ஒரு விளையாட்டுக்கு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், மனைவிக்காகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்ட கணவரின் பெருந்தன்மையாகவே அந்த ஓட்டம் முழுவதையும் கட்டுரையாளர் காட்டியிருப்பது நெருடலாக இருந்தது. என் கணவருடன் இத்தகைய ஓட்டங்களில் பல ஆண்டுகளாகக் கலந்துகொண்டு வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ராதான். தார்ச்சாலையில் 10 கிலோமீட்டர் ஓடினால் இருவரில் யார் வேகமானவர் என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் மலைப்பாதையில் அந்தக் கணக்கு செல்லாது. செங்குத்தான ஏற்றங்களில் முன்னணி வீரர்களே நடக்கிறார்கள். இறக்கங்களில் ஒவ்வோர் அடிக்கும் உடலின் எடையைத் தாங்கிப்பிடிக்கும் தொடைத் தசைகள் இழுபட்ட நிலையிலேயே வேலை செய்து நைந்துபோவதால், தொடக்கத்தில் பாய்ந்து இறங்கியவர் பிற்பாடு சமதளத்தில்கூட ஓட முடியாமல் தவிப்பதுண்டு. பெண்கள் சராசரியாக ஆண்களைவிடச் சீரான வேகத்தில் ஓடுகிறார்கள் என்பதை மாரத்தான் முடிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே, 20ஆவது கிலோமீட்டரில் துணைக்காகக் காத்து நிற்பவரே 120ஆவது கிலோமீட்டரிலும் காத்து நிற்பார் என்று சொல்வதற்கில்லை. கட்டுரையாளரின் கண்ணில் முதல் காத்திருப்பு மட்டுமே பட்டிருக்கிறது.

சேர்ந்து ஓடுவதற்கென்று தனித் திறமை ஒன்று உண்டு. துணையின் உடலைக் கவனிப்பதுதான் அது. இரவு நேரங்களில் தலைவிளக்கின் வெளிச்சத்தில் என் கணவரின் குதிகால்களை மட்டுமே பார்த்தபடி மணிக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறேன். வேர்களைத் தாண்டும்போது தூக்கும் கால் சற்றே தாழ்ந்து, ஷூவின் நுனி மண்ணில் உரசத் தொடங்கினால், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். ‘இப்போதுதான்’ என்று வரும் பதிலை நம்புவதில்லை. உடனடி ஆற்றல் தரும் ஜெல் உணவின் பாக்கெட் வாயைக் கிழித்துக் கையில் கொடுத்து, அது காலியாகும் வரை விடமாட்டேன். அவரும் எனக்கு இதையே செய்கிறார், என்னைவிடக் கூடுதல் பொறுமையோடு. இது வெறும் அக்கறை சார்ந்த விஷயமன்று. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும், குளிரில் உடல் வெப்பம் இறங்கினாலும் முதலில் தடுமாறுபவற்றுள் அறிவும் ஒன்று. தடுமாறுபவருக்கு அது தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கே தெரியும்.

தம்பதிகளுக்கே உரிய ஓர் ஆபத்தையும் கட்டுரை தொடவில்லை. சுமையைக் குறைப்பதற்காக ஒருவர் பையில் உணவையும் மற்றவர் பையில் மழைச்சட்டையையும் வைத்துக்கொள்ளும் ஆசை எளிதில் வரும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் சிக்கி, களமிறங்கிய 172 பேரில் 21 பேர் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட வேளையில் இருவரும் அரைக் கிலோமீட்டர் பிரிந்திருந்தால், பங்கிட்ட பை இருவரையுமே கைவிடும். தலைவிளக்கு, விசில், மழைச்சட்டை, அவசரப் போர்வை ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே சுமந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, கட்-ஆஃப் நேரம். அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தின் 100 மைலை 30 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியிலுள்ள உதவி முகாம்களுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. ஒருவர் விலக நேர்ந்தால் மற்றவர் தொடர்வதா என்பதை ஓட்டம் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். தூக்கமில்லாத நள்ளிரவில் அந்தப் பேச்சைத் தொடங்கினால் அது சண்டையில்தான் முடியும். எங்கள் ஏற்பாடு இது: முகாமுக்கு வெளியே எக்காரணம் கொண்டும் பிரிவதில்லை, முகாமில், தன்னார்வலர்களின் பொறுப்பில் ஒருவர் பத்திரமாக இருந்தால் மற்றவர் தயங்காமல் புறப்படலாம். இதைக் கல்நெஞ்சம் என்ற உறவினர்களும் உண்டு. தன்னால் துணையின் பல மாதப் பயிற்சியும் வீணாகிறதே என்ற எண்ணத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் நொண்டிக்கொண்டே போவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

ஆல்ப்ஸ் மலைத்தொடரைப் பல நாள்களில் கடக்கும் டிரான்ஸ் ஆல்பைன் ரன், இருவர் அணிகளுக்கென்றே பெயர்பெற்றது. ஆணும் பெண்ணும் சேர்ந்த அணிகளுக்கு அதில் தனிப் பிரிவு இருக்கிறது. மற்ற அமைப்பாளர்களும் இதைப் பின்பற்றினால், யார் யாரை இழுத்து வந்தார் என்ற கேள்விக்கே இடமிருக்காது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அக்கட்டுரையில் கணவரின் கருத்துகள் பத்தி பத்தியாக இடம்பெற்றுள்ளன. மனைவியோ புகைப்படத்தில் மட்டுமே இருக்கிறார். கடைசி இரவில் முன்னே ஓடியது யார், சாப்பிடச் சொல்லி வற்புறுத்தியது யார் என்பதை அவரிடமும் கேட்டு வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி