விருந்துக்கு ஒயின் கேட்ட மகளுக்கு

சுருளிப்பட்டி

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். ஜூலையில் ஆபீஸ்காரர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், மட்டன் சுக்காவும் கறி தோசையும் போடப் போகிறேன், கூட என்ன ஒயின் வைக்கலாம் என்று போனில் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். மகளுக்கு அப்பன் சொல்லிக் கொடுக்கிற சமாச்சாரமா இது என்பாள். திராட்சை போடுகிறவனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பாய்?

விலையைப் பார்க்காதே. பாட்டிலில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று பார். 14 போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடு. வெயிலில் அது சீக்கிரம் தலைக்கேறும். மிளகு, மிளகாயோடு சேர்ந்தால் வாய் இன்னும் எரியும். சுக்காவுக்கு ரீஸ்லிங்தான் சரி, உங்கள் ஜெர்மனியில் விளைகிற வெள்ளைத் திராட்சை ஒயின். பாட்டிலில் கபினெட் என்று, அதாவது அதில் லேசான ரகம் என்று போட்டு 8, 9 சதவீதம் இருந்தால், பழத்தின் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறாமல் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது என்று கணக்கு. அந்த இனிப்பு காரத்தை அடக்கும். ரீஸ்லிங்கில் புளிப்பு தூக்கல் என்பதால் திகட்டவும் செய்யாது. ட்ரோக்கன் என்று போட்டிருப்பதில் இனிப்பு தெரியாது. காரமில்லாத மீனுக்கு வேண்டுமானால் அதை எடு.

சூட்டுக்கு வாய் கேட்பது புளிப்பைத்தான். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் மதுரை மண்டகப்படிகளில் நீர்மோரும் எலுமிச்சை பிழிந்த பானகமும்தானே கொடுக்கிறார்கள்.

சுவைத்துப் பார்ப்பது உனக்குப் புதிது இல்லை. தோட்டத்தில் வியாபாரி குலையின் மேலே இருக்கும் பழத்தைக் கடிப்பார், நான் நுனிப் பழத்தைக் கடிப்பேன், பார்த்திருக்கிறாய். நுனிதான் கடைசியில் பழுக்கும். அது இனித்துவிட்டால் குலையை வெட்டலாம். சதையை முழுங்கிவிட்டுத் தோலைத் தனியாக மெல்லுவேன். துவர்ப்பு அதில்தான் இருக்கிறது. ஒயினிலும் அதே வேலைதான். ஒரு வாய் எடுத்து நாக்கில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு முழுங்கு. கன்னத்து ஓரம் எச்சில் ஊறினால் புளிப்பு நன்றாக இருக்கிறது. ஈறு வறண்டு நாக்கு சொரசொரத்தால் தோலின் துவர்ப்பு அதிகம் இறங்கியிருக்கிறது, அதைக் குளிர்காலத்துக்கு விட்டுவிடு. குளிர வைத்தாலும் சரியாகாது, சில்லிப்பில் துவர்ப்பு இன்னும் முரடாகத் தெரியும்.

சிவப்பே வேண்டும் என்று மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்தால் ட்ரோலிங்கர் வாங்கச் சொல். போன வருஷம் அங்கே வந்திருந்தபோது நீ கூட்டிப்போய்க் காட்டினாயே, ஸ்டுட்கார்ட் ஊருக்குள்ளேயே மலைச்சரிவில் கொடி நட்டிருந்தார்கள், அந்தப் பக்கத்துத் திராட்சை. வெளிர் சிவப்பு, துவர்ப்பு குறைவு, கொஞ்சம் குளிர வைத்தே குடிக்கலாம். நம் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சைக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். அதன் பெற்றோரில் ஒன்று இந்த ட்ரோலிங்கர், இன்னொன்று அலெக்ஸாண்டிரியா மஸ்கட். நம் பழத்தின் ரோஜா வாசம் மஸ்கட் வழியில் வந்தது, ட்ரோலிங்கரில் அதைத் தேடாதே. 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் எல்லோரும் பெருமைப்பட்டோம். அதன் சொந்தம் உன் வீட்டுப் பக்கத்திலேயே காய்த்துக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்!

அந்த ரோஜா வாசம்தான் வேண்டும் என்றால் இத்தாலிக்காரர்களின் மொஸ்காட்டோ தாஸ்தி ஒன்று வாங்கு. 5 சதவீதம் சொச்சம்தான், லேசாக நுரைக்கும். சாப்பாட்டோடு வேண்டாம், கடைசியில் பழம் நறுக்கி வைக்கும்போது கொடு.

அப்புறம், பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாதே. அந்தக் குளிரில் வாசனையே வராது. வெள்ளையைக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வை. 8லிருந்து 10 டிகிரி போதும். சிவப்பை அரை மணி நேரம் உள்ளே வைத்தால் சரி. கிளாஸில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம், கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் சூடாகிவிடும். மிச்சத்தை மூடி பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். குடிக்காதவர்களும் வருவார்கள், அவர்களுக்கு நன்னாரி சர்பத் போடு. அம்மா கொடுத்துவிட்ட பாட்டில் இன்னும் திறக்காமலே இருக்கிறதாமே.

மொத்தமாக வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கபினெட் வாங்கி, நீங்கள் இருவரும் ஒரு ராத்திரி சுக்காவோடு குடித்துப் பாருங்கள். காரம் அடங்கவில்லை என்றால் சொல், வேறு யோசிக்கலாம். போனில் வேண்டாம், எழுது.

அன்புடன்,
அப்பா