பதினெட்டு வயதுக்குள் மரண தண்டனை வேண்டாம், கிஸாஸ் (உயிருக்கு உயிர்) வழக்கிலும்

சவூதி அரேபிய மனித உரிமை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சிறுவயதில் செய்த குற்றத்துக்கு இனி மரண தண்டனை இல்லை என்று 2020 ஏப்ரலில் அறிவித்தது உங்கள் ஆணையம்தான். அன்று உங்களுக்காக துஆ செய்தவர்களில் நானும் ஒருவர். ஆனால் 17 வயதில் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றங்களுக்காக 2025 அக்டோபரிலும் ஒருவருக்கு அந்தத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இலங்கையில் இருப்பவர். மூதூர் ரிஸானா நபீக்கின் வழக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. விறகு வெட்டிப் பிழைத்தவரின் மகள். பிறப்புச் சான்றிதழில் 1988, கடவுச்சீட்டில் 1982. வேலைக்கு அனுப்புவதற்காக ஏஜென்சிக்காரர்கள் ஆறு வயதைக் கூட்டிப் போட்டார்கள். ஆவணத்தில் கைவைத்ததற்காக இரண்டு பேரை எங்கள் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது. வீட்டு வேலைக்கென்று வந்த பிள்ளையின் கையில் நான்கு மாதக் குழந்தையையும் பால் போத்தலையும் கொடுத்தார்கள். 2005 மே மாதம் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றார் ரிஸானா, கழுத்தை நெரித்தார் என்றது வழக்கு. வாக்குமூலம் வாங்கியபோது வழக்கறிஞர் இல்லை, தமிழ் சரியாகத் தெரிந்த மொழிபெயர்ப்பாளரும் இல்லை. 2013 ஜனவரி 9 அன்று சவூதியின் தவாத்மி நகரில் அவரது தலை வெட்டப்பட்டது. ஏழு வருடத்துக்கு மேல் சிறையில் வைத்திருந்தீர்கள். ஒரு பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்க்க அத்தனை காலமும் போதவில்லையா?

கிஸாஸில், இறந்தவரின் குடும்பம் மன்னித்தால் மரண தண்டனை நீங்கும். ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் மன்னிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த முடிவு அவர்கள் தலையில் விழுந்தே இருக்கக் கூடாது. 17 வயதுப் பிள்ளை என்பதை நீதிமன்றம்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

2018இல் நீங்கள் கொண்டுவந்த சிறார் சட்டம் மரண தண்டனைக்குப் பதிலாகப் பத்து வருடத்துக்கு மேற்படாத தடுப்புக்காவல் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது நீதிபதியே தண்டனையைத் தீர்மானிக்கும் தஃஸீர் குற்றங்களுக்கு மட்டும்தான் பொருந்துகிறது, கிஸாஸும், மார்க்கமே தண்டனையை வரையறுத்த ஹத்தும் அதற்கு வெளியே நிற்கின்றன. அப்படியென்றால் ரிஸானாவின் வழக்கு இன்று வந்தாலும் இந்தச் சட்டம் அவரைக் காப்பாற்றாது.

குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 1996இல் இணைந்தீர்கள். 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்கிறது அதன் 37ஆம் பிரிவு. ஷரீஆவுக்கு முரணானவற்றை ஏற்க மாட்டோம் என்று ஒரு நிபந்தனையும் போட்டீர்கள். இதில் முரண் எங்கே இருக்கிறது? பாகிஸ்தானின் தண்டனைச் சட்டத்திலும் கிஸாஸ் உண்டு, ஆனால் 18 வயது நிரம்பாதவர்மீது அது நிறைவேறாது. அநாதையிடம் அவனுடைய சொத்தை ஒப்படைக்கப் பருவமடைந்தால் மட்டும் போதாது, பக்குவமும் தெரிய வேண்டும் என்கிறது குர்ஆனின் சூரா நிஸாவின் 6ஆம் வசனம். சொத்தைக் கொடுக்கவே பக்குவம் பார்க்க வேண்டுமென்றால், உயிரை எடுக்கும்போது பார்க்க வேண்டாமா?

எங்கள் பக்கமும் குற்றம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையைப் பொய் வயதோடு விமானம் ஏற்றியது எங்கள் ஊர் ஆட்கள்தான். அந்த ஏழ்மையைக் கண்டுகொள்ளாமல், அவள் அனுப்பும் ரியாலுக்குக் காத்திருந்தது எங்கள் நாடு. சரி, அந்தக் கணக்கை நாங்கள் இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் பணிவோடு கேட்பது இதுதான். சிறார் சட்டத்தைக் கிஸாஸுக்கும் ஹத்துக்கும் விரித்துக் கொடுங்கள். வயதில் சந்தேகம் வந்தால் பிறந்த நாட்டின் பதிவேட்டை வரவழைத்துப் பாருங்கள். சிறுவயதுக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்று இப்போது சிறையில் இருப்பவர்களின் தண்டனையை, சட்டம் திருத்தப்படும்வரை நிறுத்தி வைக்க மன்னருக்குப் பரிந்துரை செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.