சில்லறை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாயே

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதுதான் கலாவின் அக்கா குடும்பம் வந்து இறங்கியது. எட்டு நாள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. நேற்று ராத்திரிதான் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், நான்கு டப்பா முறுக்கும்தான்.

உன் மகன் டிக்கெட் போட்டுவிட்டான் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மூன்று நாள் இங்கே, அப்புறம் நான்கு நாள் கம்போடியாவில் சியெம் ரீப். அங்கோர் வாட்டைப் பார்க்காமல் சாக மாட்டேன் என்று பத்தாம் வகுப்பில் சரித்திர வாத்தியாரிடம் சொன்ன ஆள் நீ. ஹோட்டல், விசா, சாப்பாடு பற்றியெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, "அங்கே பிச்சை கேட்பார்களாமே, கையில் சில்லறை வைத்துக்கொள்ளலாமா, இல்லை கண்டுகொள்ளாமல் போய்விடலாமா?" என்று. அதை வாட்ஸ்அப்பில் எழுத முடியவில்லை. மூன்று முறை தட்டி மூன்று முறையும் அழித்தேன்.

முதலில் இந்த ஊரிலிருந்து தொடங்குகிறேன். போன தடவை நீ வந்தபோது வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "என்னடா, கோயில் வாசல்ல ஒருத்தர்கூட உட்காரலையே" என்று கேட்டாய். "எங்க ஊர்ல அதெல்லாம் கிடையாது" என்று நானும் பெருமையாகச் சொன்னேன். அது பாதிப் பொய். இங்கே பிச்சை எடுப்பதே வழக்கமாக இருப்பவரை மூவாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்தான்) வரை அபராதத்துக்கோ இரண்டு வருஷம் வரை சிறைக்கோ அனுப்பச் சட்டம் இருக்கிறது. 1989இல் வந்த ஆதரவற்றோர் சட்டம் அது. போக்கிடம் இல்லாதவரை அழைத்துப் போய் இல்லத்தில் சேர்ப்பதற்கும் அதே சட்டம்தான். உதவி வேண்டுமென்றால் சமூக சேவை அலுவலகத்தில் போய் எழுதிக் கொடுக்கலாம். காம்கேர் என்று ஒரு திட்டம் இருக்கிறது. குறை சொல்ல நான் யார், அதனால் பிழைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் யாரும் கை நீட்டாததால் யாருக்கும் கஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொள்ள ரொம்ப வசதியாக இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் மட்டும் சட்டம் இல்லையா? மெட்ராஸ் மாகாணத்தில் 1945லேயே பிச்சையைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். அதற்காக ராஜகோபாலசாமி கோயில் வாசலில் ஒரு தலை குறைந்ததா, நீயே சொல். 2018இல் டில்லி உயர் நீதிமன்றம் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகள் அங்கே செல்லாது என்று சொல்லிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

மீதிப் பாதி உண்மையைச் சொல்கிறேன். தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தேநீர் குடிக்கப் போவேன். அங்கே ஒரு சீனப் பாட்டி டிஷ்யூ விற்க வருவார். எழுபத்தைந்து வயதாவது இருக்கும். ஒரு கையில் பை, இன்னொரு கையில் விசிறி மாதிரி விரித்துப் பிடித்த மூன்று பொட்டலங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது. முன்பு மூன்று பொட்டலம் ஒரு வெள்ளி, இப்போது அதே மூன்று இரண்டு வெள்ளி. கடையில் வாங்கினால் அதைவிட மலிவு என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் வாங்குவோம். ஒருநாள் வீட்டில் டிஷ்யூ குவிந்து கிடக்கிறதே என்று, ஊதா நிற இரண்டு வெள்ளித் தாளைக் கொடுத்துவிட்டு, பொட்டலம் வேண்டாம் என்று கையசைத்தேன். பாட்டிக்கு வந்ததே கோபம்! என் தேநீர்க் குவளையைத் தள்ளிவிட்டு மூன்று பொட்டலத்தையும் மேசைமேல் டப்பென்று வைத்துவிட்டுப் போனார். பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் என்னவோ அந்தப் பாட்டியைத் திட்டிவிட்ட மாதிரி இருந்தது. அவர் வியாபாரி. டிஷ்யூவை வாங்காமல் பணத்தை மட்டும் கொடுத்தால் அவரை நான் வேறு ஏதோ ஆக்கிவிடுகிறேன். (இங்கே தெருவில் விற்க உரிமம் வேண்டும், அது இல்லாமல் விற்றால் அதுவும் குற்றம்தான். பாட்டியிடம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.)

அம்மாவை நினைத்தேன் என்றேனே. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது இடுப்பில் சுருக்குப் பை இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கலாம். பத்துக் காசு, இருபது காசாகப் போட்டு வைத்திருப்பாள். திரும்பி வரும்போது வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டே வருவாள். "பாத்திரம் அறிந்து பிச்சை இடு" என்று அப்பா முணுமுணுப்பார். அம்மா பாத்திரத்தைப் பார்த்ததே கிடையாது, அடுத்த வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டே போட்டுவிட்டு நடப்பாள். ஒருநாள் நான், "அந்தத் தாடிக்காரர் குடிப்பாரும்மா" என்றேன். "குடிச்சா குடிச்சுட்டுப் போறான், நீ காலைப் பார்த்து வை, சாணி கிடக்கு" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு அது ஒரு முடிவே இல்லை. செருப்பு மாட்டுகிற மாதிரி ஒரு காரியம்.

முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்ததில் எனக்கு அது போய்விட்டது. சட்டைப் பையில் சில்லறையே இருப்பதில்லை. எல்லாம் கைபேசியில் பணம் அனுப்புகிற பேநவ், எல்லாம் அட்டை. ஆகவே வெளியூர் போய் யாராவது முன்னால் வந்து நின்றால், நான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நிஜமா, ஏமாற்றா, கொடுத்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்களா, எவ்வளவு கொடுப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் அந்த ஆள் அடுத்தவரிடம் போய்விடுவார்.

சரி, சியெம் ரீப். நானும் கலாவும் போயிருந்தபோது, முதல் நாள் சாயங்காலம் பப் ஸ்ட்ரீட் என்கிற சாலைக்குப் பின்பக்கம் நடந்துகொண்டிருந்தோம். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். "நோ மணி, மில்க்" என்றாள். பணம் வேண்டாம், பால் வாங்கிக் கொடுங்கள் என்கிறாள், இதற்குமேல் என்ன நியாயம் வேண்டும்? கலா நிற்காமல் அவள் பின்னாலேயே ஒரு கடைக்குள் போய்விட்டாள். பெரிய பால்மாவு டின். இருபத்து நான்கு டாலர். அங்கே அமெரிக்க டாலர்தான் எங்கும் ஓடுகிறது. டின்னின் அடிப்பக்கம் ஒரு இடத்தில் நசுங்கியிருந்தது. வேறு டின் மாற்றிக் கொடுங்கள் என்று கலா கேட்டதற்கு, இதுதான் கடைசி என்றார் கடைக்காரர். மறுநாள் காலையில் தண்ணீர் பாட்டில் வாங்க அதே கடைக்குப் போனோம். டின் அலமாரியில் இருந்தது, அதே நசுங்கல் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு.

டுக்டுக் ஓட்டுநரிடம் சொன்னதற்குச் சிரித்துவிட்டார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். நாம் திரும்பியதும் டின் கடைக்கே போய்விடும், பணத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். கலா மத்தியானம் வரை பேசவில்லை. பணம் போன கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். கடைசியில் அவள் சொன்னது, "அந்தக் குழந்தை என் விரலைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லைங்க."

அதற்கப்புறம் நான் கருங்கல் ஆகிவிட்டேன். கோயில்களுக்குப் போகிற வழியெல்லாம் சின்னப் பிள்ளைகள் அஞ்சலட்டைக் கட்டோடு ஓடி வருவார்கள். ஏழு வயதுப் பெண் ஒருத்தி என் கூடவே நடந்துகொண்டு, பத்து அட்டையையும் ஒவ்வொன்றாக விரித்து "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணிக் காட்டி, டென் வந்ததும் "ஒன் டாலர்" என்றாள். நம் பள்ளியில் நாமெல்லாம் அந்த வயதில் அவ்வளவு சுத்தமாக எண்ணியிருக்க மாட்டோம். வாங்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை. பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளை தினம் ஐந்து டாலர் கொண்டு வந்தால் எந்த வீட்டில் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்று அதே ஓட்டுநர்தான் கேட்டார். ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்று 1994இல் புனோம் பென்னில் தொடங்கிய அமைப்பு ஒன்று பயணிகளிடம் இதையே சொல்லி வருகிறது: பிள்ளைகளிடம் வாங்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அவர்கள் தெருவிலேயே நின்றுவிடுவார்கள். உன் மகனிடமும் முன்கூட்டியே சொல்லி வை. அந்தக் குட்டிகளிடம் இல்லை என்று சொல்வது லேசு இல்லை.

ஆனால் தா புரோம் கோயிலில் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. மரவேர் கற்களைக் கவ்விக்கொண்டிருக்குமே, படத்தில் பார்த்திருப்பாய், அந்தக் கோயில். உள்ளே போகிற மண்பாதையில் ஒரு மேடை, ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பார்வை இல்லை, இரண்டு பேருடைய செயற்கைக் கால்கள் கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. எல்லோரும் கண்ணிவெடியில் அடிபட்டவர்கள். 1970களிலிருந்து 1990கள் வரை அங்கே நடந்த சண்டைகளில் புதைத்தவை, இன்னும் எடுத்து முடியவில்லை. பிச்சை எடுக்க விரும்பவில்லை, அதனால் வாசிக்கிறோம் என்று பல மொழிகளில் பலகை வைத்திருந்தார்கள். இரண்டு தந்தி வைத்த பிடில் ஒன்று அழுதுகொண்டே போனது. ஐந்து டாலர் போட்டேன், மனசு நிறைந்து போனது.

அங்கிருந்து நூறடி தள்ளி இன்னொரு மனிதர். அதே வயது, அதே மாதிரி முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. அவரிடம் வாத்தியமும் இல்லை, பலகையும் இல்லை. தொப்பியைக் கவிழ்த்து முன்னால் வைத்திருந்தார். நான் தாண்டிப் போய்விட்டேன். தெரியாமல் இல்லை, பார்த்துவிட்டுத்தான் போனேன். ஹோட்டலுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. டிஷ்யூ கொடுத்தால் காசு, பாட்டு வாசித்தால் காசு. ஒன்றும் தராதவருக்கு என் கை நீளவில்லை. பிடில் வாசிக்கத் தெரியாதது அவர் குற்றமா? இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த வியாபாரம் அது என்று நினைக்கிறேன். பாட்டியிடம் அது மரியாதையாக இருந்தது, அங்கே வேறு எதுவாகவோ ஆகிவிட்டது.

மறுநாள் ஓட்டுநரிடம் பத்து டாலரைக் கொடுத்து ஆயிரம் ரியெல் தாளாக மாற்றித் தரச் சொன்னேன். நான்காயிரத்துச் சொச்சம் ரியெல் ஒரு டாலர், கணக்குப் போட்டுக்கொள். கட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கு, கால் கை இல்லாதவர்களுக்குக் கேள்வி கேட்காமல் கொடுத்துக்கொண்டே போனேன். முதல் நாலைந்து தாள் வரை கொடுத்ததை எண்ணிக்கொண்டிருந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். கலாதான் கேட்டாள், "அத்தை மாதிரி ஆயிட்டீங்களா?" என்று. தா புரோமுக்கு மறுபடி போனோம். அந்த மனிதரை அன்றைக்குக் காணவில்லை.

ஆகவே சேகர், சில்லறை வைத்துக்கொள். ஆயிரம் ரியெல் தாள் போதும். பால் டின் கேட்டால் கடைக்குள் நுழையாதே. உனக்கு இவ்வளவு சொல்லவே வேண்டியதில்லை, நீ இன்னும் அதே வாசலில் செருப்பு விடுகிறவன். இது எனக்காக எழுதியதுதான் பாதி.

வரும்போது பன்னீர்ப் புகையிலை கேட்டு அண்ணன் தொந்தரவு செய்தால் கொடுக்காதே, இங்கே சுங்கத்தில் வம்பு. உனக்குத் தேக்காவில் தேநீர் வாங்கிக் கொடுக்கிறேன், பாட்டியையும் காட்டுகிறேன். கைக்குட்டை எதுவும் எடுத்து வர வேண்டாம். வீட்டில் நாற்பது பொட்டலம் டிஷ்யூ கிடக்கிறது.

அன்புடன்,
உன் ராஜா