இரண்டாவது யூனிட்டுக்கு முன்

அன்புள்ள கண்ணு,

பெருமாநல்லூர் பக்கம் இன்னொரு பனியன் தையல் யூனிட் போடலாம் என்று எழுதியிருந்தாய். போடு. ஆசைப்பட்டவர்களால்தான் திருப்பூர் இந்த அளவுக்கு வளர்ந்தது. ஆனால் அதற்கு யார் பணம் போடப்போகிறார்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்.

மாதம் 50 லட்சத்துக்கு ஆர்டர் கூடுகிறது என்று வை. நூலுக்குப் பணம் முதல் நாளே போய்விடும். நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங், சாயம், துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் முடிந்து சரக்கு கிளம்ப 45 நாள். பையர் பணம் வர மேலும் 75 நாள். நான்கு மாதச் சரக்கு எப்போதும் வழியிலேயே நிற்கும். ஒன்றரைக் கோடி வரை முடங்கும். ஆர்டரைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்ற கடன் வாங்கினாலும் ஒரு பள்ளம் மிஞ்சும். பல இடங்களில் அந்தப் பள்ளத்தை நிட்டிங்காரரின் பில்லைத் தள்ளிப்போட்டுத்தான் மூடுகிறார்கள். கேட்காமலே வாங்குகிற கடன் அது. அடுத்த வேலை வேண்டுமே என்று அவரும் வாய் திறக்க மாட்டார்.

ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது நல்ல வழக்கம், விடாதே. ஆனாலும் நிட்டிங்காரரைப் போல நமக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்கிறவருக்கு நம் நன்றி பில் தேதியில்தான் தெரியும். அவர் உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனம் என்றால், பில் பணத்தைக் கொடுக்க எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். இது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. மார்ச் 31 அன்று அவர்களுக்கு 6 லட்சம் பாக்கி கெடு தாண்டி நின்றால், அது அந்த வருட லாபத்தில் சேர்ந்துவிடும். 30 சதவீத வரி என்றால் 1,80,000 ரூபாய், செஸ் தனி. பணம் கொடுத்த வருடத்தில்தான் வரிக் கழிவு கிடைக்கும்.

துணியில் குறை இருந்தால் பிடித்தம் செய்யலாம், தப்பில்லை. ஆனால் ரோல் வந்த அன்றே பார்க்க வேண்டும். வட்டக் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டித் தராசில் வை. கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 180 கேட்ட இடத்தில் 1.8 கிராம் வர வேண்டும். 5 சதவீதம் கூடுதல் குறைவு என்று பேசியிருந்தால் 1.71 வரை ஏற்றுக்கொள். 1.65 வந்தால், 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லி ரோலைத் திருப்பு. வெட்டித் தைத்து அனுப்பிவிட்டு, மூன்று மாதம் கழித்துப் பையர் பிடித்த தொகையை அப்படியே நிட்டிங்காரர் தலையில் கட்டுவதுதான் அநியாயம். பார்க்காமல் விட்டது நாம்.

சாயத்துக்கு விலை மட்டும் பார்த்துப் போகாதே. கழிவுநீரை நொய்யல் ஆற்றுக்கு விடாமல் சுத்திகரிக்கிற பட்டறைக்குச் செலவு அதிகம், ரேட்டும் அதிகம்தான் இருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே முடங்கியது.

இனி உள்ளே வேலை செய்கிறவர்கள். 8.33 சதவீத போனஸ் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். போனஸ் கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 12,000, ஆட்கள் 60 பேர் என்றால் 7,20,000 ரூபாய். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரேயடியாகத் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் வட்டிக்குத்தான் கிடைக்கும். சனிக்கிழமை சம்பளம் போடும்போதே வாரம் 14,000 ரூபாயைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடு. பீஸ் ரேட் டெய்லருக்கும் கைமடிப் பெண்களுக்கும் போனஸ் உண்டு, பட்டியலில் விட்டுவிடாதே.

ஆள் விலகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அடிப்படைச் சம்பளமும் டிஏ என்ற அகவிலைப்படியும் சேர்த்து 14,000 வாங்குகிறவர் 12 வருடம் கழித்து விலகினால், 14,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 12-ஆலும் பெருக்கு. ஏறக்குறைய 96,900 ரூபாய். பீஸ் ரேட்காரருக்குக் கடைசி மூன்று மாதச் சராசரியை எடு, ஓவர்டைமைச் சேர்க்காமல். பழைய ஆட்கள் ஒவ்வொருவருக்கும் இந்தத் தொகையை இன்றைய தேதிக்குப் போட்டுக் கூட்டிப் பார். பவர்டேபிளில் உட்கார்ந்து இத்தனை வருடம் தைத்தவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பாக்கி அது. பேலன்ஸ் ஷீட்டில் இல்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. குழுக் கிராஜுவிட்டித் திட்டம் எல்ஐசியில் இருக்கிறது, விசாரி.

ஆட்களிடம் பிடித்த பிஎஃப்பை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிவிடு.  அது அவர்கள் பணம், கைமாற்றாக ஒருநாளும் எடுக்காதே.

ஜாப் ஒர்க் பாக்கி, போனஸ் ஒதுக்கீடு, கிராஜுவிட்டி மூன்றையும் கழித்தபின் கையில் நிற்கும் தொகைக்கு எத்தனை மெஷின் வருமோ அத்தனை போடு. நாற்பது நினைத்தது இருபதாக வந்தால் இருபதில் தொடங்கு. தாளை எழுதியதும் போட்டோ எடுத்து அனுப்பு கண்ணு, நானும் கூட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா