சர்க்கரை இருக்கிறவங்க கவனத்துக்கு: கண் பரிசோதனை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். "பேப்பர் நல்லாத்தானே படிக்கிறேன், கண்ணுக்கு என்ன?"ன்னு இருந்துடாதீங்க. சர்க்கரையால விழித்திரையில (கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கிற, பார்வைக்கான படலம்) ரத்தக்குழாய் கசிய ஆரம்பிச்சாலும் பார்வை ரொம்ப நாள் தெளிவாவே இருக்கும். மங்கும்போது பாதிப்பு முத்தியிருக்கலாம். டைப் 2 சர்க்கரைன்னு தெரிஞ்சதுமே ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கணும். கண்ணாடிக் கடையில பவர் பார்த்தது இதுல சேராது.

சொட்டு விட்டா சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். வண்டி ஓட்டாம, துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. கூலிங் கிளாஸும் எடுத்துக்கோங்க (அன்னிக்கு அது ஸ்டைலுக்கு இல்ல!). கடைசியா எடுத்த ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டும் கையில இருக்கட்டும்.

திடீர்னு கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்னிக்கே கண் டாக்டர்கிட்ட போயிடுங்க.