கப்பல் மொடல் தனிய இருந்து செய்யிற வேலை இல்லை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரில பொழுதுபோக்குகள் பற்றி வந்த கட்டுரையை வாசிச்சன். அதில கப்பல் மொடல் செய்யிறது பொறுமையான, தனிமையை விரும்புற ஆக்களுக்குத்தான் சரிவரும் எண்டு ஒரு வரி எழுதிப்போட்டு நேரா முத்திரை சேர்க்கிறதுக்குப் போயிட்டீங்கள். பொறுமை சரி, அந்தத் தனிமைதான் இடிக்குது. தனிய இருந்து தொடங்கின கப்பலுகள் எங்க இருக்கு எண்டு பாத்தால், அரைவாசிப் பலகை ஒட்டினபடி அலுமாரிக்கு மேல பெட்டிக்குள்ள தூசி பிடிச்சுக் கிடக்கு. முடிஞ்ச கப்பலுக்குப் பின்னால பெரும்பாலும் இன்னொராள் இருப்பார், வந்து பாத்து, "இதில மேடு நிக்குது, தேய்" எண்டு சொன்ன ஒராள்.

நாங்கள் கொஞ்சப்பேர் ஞாயிறு பின்னேரங்களில வெள்ளவத்தையில ஒரு வீட்டு மேல்மாடியில கூடுறனாங்கள். சங்கமும் இல்லை சந்தாவும் இல்லை, செய்துகொண்டிருக்கிறதைத் தூக்கிக்கொண்டு வரவேணும், அவ்வளவுதான். துறைமுகத்தில வேலை செய்து பென்ஷன் எடுத்த கொட்டாஞ்சேனை ஐயா, புறக்கோட்டையில மணிக்கூடு திருத்துற நானா, கம்பஸ் போற ஒரு பெடியன், அவன்ட தங்கச்சி, மட்டக்களப்பு அண்ணை ஒராள், நான். இடைக்கிடை வேற ஆக்களும் வருவினம், பிளேன்ரீயும் குடிச்சு ஆளையாள் நல்லா ஏசிப்போட்டுத்தான் போவினம்.

ஏன் இன்னொரு கண் வேணும் எண்டு கேட்டால், பலகை ஒட்டுறதை எடுங்கோ. கப்பலின்ட நடு வயிறு அகலம், அணியத்துக்கு, அதான் முன்மூக்குக்கு, வரேக்க ஒடுங்கும். ஆனா கிட் எண்டு கடையில விக்கிற மொடல் பெட்டியில வாற பலகை முழுக்க ஒரே அகலம். அதை அப்பிடியே வளைச்சு ஒட்டினால் முன்பக்கம் இடம் காணாது, பலகையை வில்லங்கமாப் பக்கவாட்டில அமத்துவினம், விளிம்பு எழும்பி மீன் செதில் மாதிரி நிக்கும். அதுக்குத்தான் முன்னுக்கு ஒவ்வொரு பலகையையும் ஒடுக்கி வெட்டுறது, அதிலயும் பாதி அகலத்துக்குக் கீழ போகக்கூடாது, போற மாதிரி இருந்தால் ரெண்டு பலகையை அதோட நிப்பாட்டி ஒண்டாக்கி விடவேணும். பின்னுக்குப் போனால் நேர்மாறு, இடைவெளி விழும், இடையில ஆப்பு மாதிரி ஒரு துண்டு செருகவேணும். இடது வலது எண்டு மாறி மாறி ஒட்டாட்டி அடியில இருக்கிற ஏராக்கட்டையே முறுகிப்போகும். இதெல்லாம் கிட்டோட வாற தாளில படமாத்தான் இருக்கு, இருந்தும் செய்யிற ஆளின்ட கண்ணுக்கு அந்த மேடு தெரியாது, ராராவா அதையே பாத்து கண் பழகிப்போயிருக்கும். வெளியில இருந்து வாற ஆள் ஒருக்கா விரலால தடவினால் தெரிஞ்சிடும்.

நானா அப்பிடித்தான். பெடியன்ட கப்பலைக் கையில எடுத்து லைட்டுக்கு நேர சாச்சுப் பாத்தார். "தம்பி, மிச்சமெல்லாம் வடிவாத்தான் ஈக்குது, இந்த மூணு பலகைய மட்டும் கழட்டுங்க" எண்டார். பெடியனுக்கு முகம் விழுந்துபோச்சு. ஆனா நானா சொல்லிப்போட்டுப் போகேல்ல, பக்கத்தில இருந்து ஈரத்துணி வச்சு பசையை இளக்கி, பலகை உடையாமல் கழட்டித் தந்து, புதுப் பலகையைச் சுடுதண்ணியில ஊற வைக்கிறதுவரைக்கும் நிண்டவர். என்னைக் கேட்டால் உற்சாகப்படுத்துறது எண்டால் இதுதான். போட்டோவைப் பாத்து "சுப்பர், கலக்கிட்டீங்கள்" எண்டு சொல்றது ஒரு மரியாதைக்கு, அதால ஒரு பலகையும் நேராகாது. அதுக்காகக் குறை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிற ஆக்களையும் எனக்குப் பிடிக்காது, அப்பிடி ஒராள் வந்தவர், அவருக்கு ரீ குடுத்து அனுப்பினது.

சாமான் விஷயமும் பகிர்ந்தால்தான் நடக்கும். வெளிநாட்டுக் கிட் இண்டைக்கு விக்கிற விலைக்கு எல்லாராலயும் வாங்கேலாது. ஆனா மொறட்டுவப் பக்கம் தச்சுப் பட்டறைகளில தேக்கும் மஹோகனியும் துண்டு துண்டா மிஞ்சும், லுணுமிதெல்ல மாதிரி பாரமில்லாத மரமும் கிடைக்கும், ஐயா அதுகளைச் சின்ன வாளில சீவி எல்லாருக்கும் பிரிச்சுத் தருவார். பாய்த்துணிக்கு எங்கட தேயிலைச் சாயம் காணும். பருத்தி நூலில மயிர் மயிரா நிக்கும், தேன்மெழுகில இழுத்தால் படியும். பாய்மரத்துக்கு ஏறுற கயித்துப் படி நிசக் கப்பலில பதினஞ்சு அங்குலத்துக்கு ஒண்டு எண்டால் 1:64 அளவில, அதாவது நிசத்தில அறுபத்திநாலில ஒரு பங்கில, ஆறு மில்லிமீற்றர்தான், அதில ஒவ்வொண்டுக்கும் முடிச்சுப் போடவேணும், அதுக்கு நானாவின்ட மணிக்கூட்டுச் சாவணத்தை விட்டால் வேற ஒண்டும் சரிவராது. இந்த முடிச்சு வேலையில இப்ப கெட்டிக்காரி பெடியன்ட தங்கச்சிதான், எங்கட கப்பலுகளும் அவவின்ட கைக்குத்தான் போகுது.

மட்டக்களப்பு அண்ணை பிளாஸ்ரிக் ஆள். 1942 ஏப்ரல் 9 அண்டைக்கு யப்பான் விமானங்கள் மட்டக்களப்புக் கடலில தாட்ட எச்.எம்.எஸ். ஹேர்மஸ் எண்ட பிரித்தானியக் கப்பலைச் செய்யிறார், விமானந்தாங்கியாவே வடிவமைச்சுக் கட்டத் தொடங்கின முதல் கப்பல் அது. 182 மீற்றருக்கு மேல நீளமான கப்பல் 1:700 இல ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. மரக்காரருக்கும் பிளாஸ்ரிக்காரருக்கும் எப்பவும் ஒரு சின்னக் கொழுவல் இருக்கும், ஆனா என்ர கப்பலின்ட அடிப்பக்கத்துக்கு எயார்பிரஷ்ஷால பெயின்ற் விசிறி அடிச்சுத் தந்தது அவர்தான்.

இப்ப எல்லாருமாச் சேர்ந்து ஒண்டு செய்யப்போறம், இந்தக் கடிதம் எழுதினதும் அதுக்காகத்தான். வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி அம்மாள் எண்ட பாய்க்கப்பலை ரொபின்சன் எண்ட அமெரிக்கர் வாங்க, எங்கட ஊர் மாலுமிமார் அதை 1938 இல அமெரிக்காவின்ட குளொஸ்ரர் துறைமுகம்வரைக்கும் கொண்டு போய்ச் சேர்த்தவை. நீளம் 89 அடி எண்டு சொல்லுவினம், 1:48 அளவில கிட்டத்தட்ட 22 அங்குலம் வரும், மேசையில வைக்கலாம். பலகை ஐயாவும் பெடியனும், கயிறு தங்கச்சி, கப்பி வேலை நானா எண்டு பிரிச்சாச்சு. கிட் இல்லை, வரைபடமும் எங்களிட்ட இல்லை, படங்களைப் பாத்துத்தான் கீறவேணும், அதிலயும் பக்கவாட்டில நிண்டு எடுத்த படம்தான் கூட உதவும்.

உங்கட வாசகர்களில வல்வெட்டித்துறை ஆக்கள் நிச்சயம் இருப்பினம். வீட்டுப் பழைய அல்பங்களில அன்னபூரணியோ, இல்லாட்டி அந்தக் காலத்தில அங்க கட்டின வேற பாய்க்கப்பலுகளோ இருந்தால், படத்தை போனில எடுத்து உங்கட பேப்பருக்கு அனுப்பச் சொல்லி ஒரு வரி போடுவீங்களோ? அளவு தெரிஞ்ச ஒரு சாமான், ஆளோ பீப்பாவோ, பக்கத்தில நிக்கிற படமெண்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்